ரெண்டு கிலோ கடன்

“அப்ப அவர் தோத்துட்டாரா தாத்தா?”

கேட்டவன் என் தங்கச்சி பேரன். எட்டு வயசு. பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்மாவோடு ஊருக்கு வந்திருந்தான். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார்களாம். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு காலத்தில் நாடு நாடாகப் போய்ப் பணத்துக்கு ஆடியவர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார் என்று திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான். “அவ்ளோ பெரிய ஆளு உங்களுக்குச் சொல்லித் தர்றாரா, பரவால்லயே” என்றேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி. பெரிய ஆளாக இருந்தால் இன்னும் ஆடிக்கொண்டிருக்க வேண்டுமே, எட்டு வயசுப் பசங்களுக்குப் பந்து போட்டுக்கொண்டு ஏன் நிற்கிறார்? தோற்றுப்போய்விட்டதால்தானே?

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “காபி ஆறுது, இரு” என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அவன் ஊருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. கேள்வி மட்டும் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். அறுவடை முடிந்து கை சும்மா இருக்கிற நேரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குப் பிரான்ஸ் என்றால் காரைக்கால்தான். 1954 நவம்பர் வரைக்கும் இந்த டெல்டாவின் கடைசிக் கோடியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுச் சிப்பாயாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்து, காரைக்கால் வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு, பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய தாத்தாக்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த டென்னிஸ் கதை வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. சாணியில்.

*

என் சின்ன வயதில் எனக்குத் தெரிந்து சாணி போட்டு மெழுகிய பெரிய தரை ரெண்டு. ஒன்று எங்கள் வீட்டு நெற்களம். இன்னொன்று, மூன்று கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருந்த ஆபீசர்ஸ் கிளப்பின் டென்னிஸ் கோர்ட். ரெண்டையும் மெழுகியது ஒரே அம்மாள்தான். அறுப்புக்கு முன்னால் எங்கள் களம், அறுப்பெல்லாம் முடிந்த பிறகு கிளப். “ஒங்க களத்துல நெல்லு குதிக்கும், அங்க பந்து குதிக்கும், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சிமெண்ட் கோர்ட் வருவதற்கு முன்னால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் டென்னிஸ் கோர்ட் என்றால் மண் தரைதான். செம்மண்ணையும் களிமண்ணையும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, கல் உருளையை ரெண்டு பேர் இழுத்து இறுக்க வேண்டும். மேலே சாணியைக் கரைத்துத் தென்னந்துடைப்பத்தால் ஒரே வாக்கில் இழுத்துவிட்டுக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு சுண்ணாம்பில் கோடு. தூசி எழும்பாது. பந்தும் அடங்கி வரும். வேகமாக அடித்தாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மட்டைக்கு வரும். இந்தத் தரையில் வளர்ந்தவனுக்கு முரட்டு அடி பெரிசாகக் கைகொடுக்காது. எங்கே வைப்பது என்பதுதான் ஆட்டம்.

அங்கே நான் பந்து பொறுக்கும் பையன். சாயந்திரம் ஐந்து மணிக்கு தாசில்தார், டாக்டர், பேங்க் மேனேஜர் எல்லாம் வெள்ளை டிரவுசரில் வருவார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது காசு, மாசக் கடைசியில் முடி உதிர்ந்த பந்து ஒன்று. ஆனால் கிளப்பின் உண்மையான ராஜா இவர்களில் யாரும் இல்லை. மார்க்கர்.

மார்க்கர் என்ற வேலை இப்போது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. கோர்ட்டைப் பெருக்குவது, நெட் கட்டுவது, அறுந்த நரம்பைப் பின்னுவது, ஆள் குறைந்தால் அந்தப் பக்கம் நின்று சாருக்குப் பந்து போடுவது எல்லாம் அவர்தான். சார் தோற்கக் கூடாது, ஆனால் சும்மா ஜெயித்ததாகவும் தெரியக் கூடாது. இது எவ்வளவு பெரிய வித்தை என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. டோர்னமெண்ட் எதிலும் அவர் பெயர் இருக்காது. பந்து பொறுக்கிப் பொறுக்கியே ஆடக் கற்றுக்கொண்டவர். அந்த டவுனில் டென்னிஸ் தெரிந்த அத்தனை பேருக்கும் அவர்தான் வாத்தியார், ஆனால் அவரை வாத்தியார் என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

ஆபீசர்கள் வருவதற்கு முன்னால், நாலு மணி வெயிலில், எங்களில் ரெண்டு மூன்று பேருக்கு உடைந்த மட்டையைக் கொடுத்துச் சொல்லித்தருவார். அவர் பாடம் மொத்தமும் ஒரே வரி: “அடிக்காதடா, அனுப்பு.”

அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கிளப்புக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரின் கடைசிப் பக்கத்தை நான்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். 1979-இல் எனக்குப் பதினோரு வயசு. ஜூலை மாசம் ஒரு நாள், விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை ரமேஷ் கிருஷ்ணன் ஜெயித்துவிட்டதாகப் படித்தேன். அவர் நரம்பு பின்னிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. “இதே பட்டத்தைத்தானே இவங்க அப்பாரும் ஜெயிச்சாரு” என்றார். எப்போதோ மெட்ராஸில் ஒரு போட்டிக்குக் கோர்ட் வேலைக்குப் போனபோது அந்த அப்பா ஆடியதைப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பேசினார்.

*

அந்த அப்பா ராமநாதன் கிருஷ்ணன். அவருக்கும் ஒரு அப்பா உண்டு, டி.கே. ராமநாதன். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். டி.கே. ராமநாதன் உள்நாட்டில் நன்றாக ஆடியவர். வெளிநாட்டுப் புல்தரைகளில் பெயர் வாங்குகிற வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. தான் கற்றதையெல்லாம் மகன் கையில் இறக்கினார். 1951-இல் சென்னை லயோலாவில் கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ராம் போட்டி. கல்லூரிக்குள் காலே வைக்காத பதின்மூன்று வயசுப் பையனுக்கு முதல்வரிடம் தனி அனுமதி வாங்கினார்கள். பையன் கோப்பையோடு வந்தான்.

மூன்றே வருஷம். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், அதை வென்ற முதல் ஆசியர். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே வருஷம். இறுதியில் தோற்ற ஆஷ்லி கூப்பர் பின்னாளில், 1958-இல், பெரியவர்களுக்கான விம்பிள்டனையே வென்றார். கிருஷ்ணன் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 61-இல் காலிறுதியில் ராய் எமர்சனை வீழ்த்தினார். அரையிறுதியில் முதல் வருஷம் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த வருஷம் ராட் லேவரிடமும் தோற்றார். ரெண்டு தடவையும் அவரை ஜெயித்தவரே அந்த வருஷத்துச் சாம்பியன்.

இந்த மனிதரின் சர்வீஸை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. எதிராளி கொடுக்கிற வேகத்தையே வாங்கி, பந்து தரையை விட்டு எழும்பும்போதே அணைத்து, அவன் இல்லாத இடத்தில் வைத்துவிடுவார். அடிக்கவில்லை, அனுப்பினார். எங்கள் மார்க்கர் அந்த வரியை எங்கே பிடித்தார் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் விம்பிள்டனிலும், நாடுகளுக்கு இடையே நடக்கிற டேவிஸ் கோப்பையிலும் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் இடம். ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் நல்ல ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கித் தனிக் குழுவாக ஊர் ஊராகக் கூட்டிப்போவார். கிருஷ்ணனையும் பெரிய தொகை சொல்லிக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. போயிருந்தால் 1966 நடந்திருக்காது.

1966, கல்கத்தா. டேவிஸ் கோப்பையில் பிரேசிலோடு இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோக்குக்கும். இரண்டு செட் போய்விட்டது, நாலாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி நிற்கிறார். அங்கிருந்து திரும்பி அந்தச் செட்டை 7-5, கடைசிச் செட்டை 6-2. இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப்–ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம்.

அந்த இறுதியில் ஆஸ்திரேலிய அணியின் கேப்டன் ஹாரி ஹாப்மன். பின்னாளில் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் பயிற்சிப் பள்ளி வைத்தார். அங்கே போய்ப் பயின்றவர்களில் ஒருவர் கிருஷ்ணனின் மகன் ரமேஷ். அப்பனைத் தோற்கடித்த அணியின் கேப்டனிடமே மகன் பாடம் கேட்டான். வரப்புத் தகராறில் வெட்டுக்குத்து வரைக்கும் போன ரெண்டு குடும்பம், அடுத்த தலைமுறையில் நாற்று கொடுத்து வாங்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது.

*

ரமேஷ் 1979-இல் விம்பிள்டனை மட்டுமில்லை, பாரிஸில் ரோலான் காரோஸ் ஜூனியர் பட்டத்தையும் வென்றார். பெரியவர்கள் ஆட்டத்தில் 1981-லும் 87-லும் அமெரிக்க ஓப்பன் காலிறுதி, 86-இல் விம்பிள்டன் காலிறுதி. ஒற்றையரில் எட்டுப் பட்டங்கள். 1985 தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் 23. டேவிஸ் கோப்பையில் 1987-இல் நம்மவர்கள் சிட்னிக்குப் போய் ஆஸ்திரேலியாவை அவர்கள் புல்தரையிலேயே வீழ்த்தி இறுதிக்குப் போனார்கள். முடிவு கட்டிய ஆட்டத்தில் வாலி மாசூரை நேர் செட்களில் அனுப்பிவைத்தவர் ரமேஷ். அப்பன் ஒரு இறுதி, மகன் ஒரு இறுதி. மகனுக்கும் கோப்பை இல்லை. ஸ்வீடன்காரர்கள் தங்கள் ஊரில் உள்ளரங்கத்தில் களிமண் தரை போட்டு 5-0 என்று முடித்துவிட்டார்கள்.

ரமேஷின் ஆட்டங்களில் எனக்குப் பிடித்தது 1989 ஆஸ்திரேலிய ஓப்பன். இரண்டாவது சுற்றிலேயே, அப்போது உலகின் முதல் இடத்திலும் முந்தைய வருஷச் சாம்பியனாகவும் இருந்த மாட்ஸ் விலாண்டரை மூன்றே செட்டில் வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் பத்தொன்பது வயசு லியாண்டர் பயஸோடு சேர்ந்து இரட்டையர் காலிறுதி வரை போனார். அடுத்த வருஷம் மட்டையைக் கீழே வைத்தார்.

இப்போது பிரான்சுக்கு வருகிறேன். ரமேஷுக்கு அடுத்த வருஷம், 1980-இல், அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றவர் ஒரு பிரெஞ்சுப் பையன். தியெரி துலான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஏக்ஸ்-லே-பேன் என்ற ஊரில் பிறந்தவர். அவரும் விலாண்டரை வென்றிருக்கிறார், 1985-இல் பார்சிலோனா இறுதியில். 1986-இல் உலகத் தரவரிசையில் பத்தாவது இடம். அத்தோடு மேலே போகவில்லை. ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் ஆனார். செபாஸ்தியன் குரோஜான், போல்-ஆன்றி மத்தியு, ஜில் சிமோன் எல்லாம் அவர் கை பட்டவர்கள். சிமோன் 2008-இல் மட்டும் ரோஜர் ஃபெடரரை ரெண்டு தடவை வென்றார். 2009 ஜனவரியில் உலகின் ஆறாவது இடம். வாத்தியார் பத்து, மாணவன் ஆறு.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. துலான் களிமண்ணில் பின்கோட்டில் நின்று பந்தைச் சுழற்றி உயர உயர அடித்த ஆள். சிமோன் அப்படி இல்லை. ஒல்லி உடம்பு, சுழற்சி குறைவு, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கித் திருப்பித் தருகிற ஆட்டம். பார்த்தால் ரமேஷின் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி இருப்பார். துலான் தன்னைப்போல இன்னொருத்தனை வார்க்கப் பார்க்கவில்லை. வந்தவன் கையில் என்ன இருக்கிறதோ அதை வளர்த்தார்.

பிரான்சில் இந்த வேலை ஒரு ஒழுங்கோடு நடக்கிறது. சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால், நீ எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். ரோலான் காரோஸில் வருகிற வருமானம் டென்னிஸ் சம்மேளனத்துக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராக இருக்கிற கிளப்புகளுக்கும் பையன்களுக்கும் பாய்கிறது. கல்லணையில் திறந்துவிட்டால் வெண்ணாறு, வெட்டாறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று கடைமடை வரை தண்ணீர் போகிற மாதிரி. அவர்களுக்கும் குறை உண்டு. 1983-இல் யானிக் நோவா ரோலான் காரோஸை வென்றார். அதற்குப் பிறகு அங்கே பிரெஞ்சு ஆண் ஒருத்தரும் ஒற்றையர் பட்டத்தைத் தூக்கவில்லை. ஆனால் அதே நோவா ஆட்டத்தை விட்ட பிறகு கேப்டனாக உட்கார்ந்து 1991, 1996, 2017 என்று மூன்று தடவை டேவிஸ் கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

நம் பக்கத்தில் வாய்க்கால் கிடையாது. கிணறுதான். ஆழமான, நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனால் அது ஒரு வீட்டுக் கொல்லையில் இருக்கும். கிருஷ்ணன் குடும்பம் ஒரு கிணறு. விஜய், ஆனந்த், அசோக் என்று மூன்று பையன்களை வளர்த்த அமிர்தராஜ் வீடு இன்னொன்று. அவர்கள் சென்னையில் 1980-களில் பிரிட்டானியா கம்பெனியோடு சேர்ந்து நடத்திய பயிற்சித் திட்டத்தில்தான் லியாண்டர் பயஸ் தங்கிப் பயின்றார். ரமேஷும் அப்பாவும் சென்னையிலேயே பயிற்சி மையம் நடத்தினார்கள். டேவிஸ் கோப்பை அணிக்கு ரமேஷ் கேப்டனாகவும் இருந்தார். எல்லாம் தனி மனிதர்கள் இறைத்துக் கொடுத்த தண்ணீர்.

கேப்டன் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மற்ற போட்டிகளில் பயிற்சியாளர் தூரத்தில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆண்கள் ஆட்டத்தில் 2022 வரைக்கும் அங்கிருந்து ஒரு வார்த்தை சொல்லக்கூட விதி விடவில்லை. டேவிஸ் கோப்பை மாதிரி அணிப் போட்டிகளில் கேப்டனுக்குக் கோர்ட்டுக்குள்ளேயே நாற்காலி உண்டு, பேசலாம். தஞ்சாவூர்க்காரனான எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்தால் நட்டுவனார் ஞாபகம்தான். மேடை ஓரத்தில் உட்கார்ந்து தாளம் தட்டுவார். ஆடுகிறவள் எங்கே தடுமாறுவாள் என்று அவள் கால் தடுமாறுவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும். எழுந்து ஆடிக் காட்ட முடியாது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று சரபோஜி காலத்து அரண்மனையில் இருந்த நாலு சகோதரர்கள் போட்ட வரிசையில்தான் இன்றைக்கும் சலங்கை கட்டுகிற குழந்தைகள் கச்சேரி ஆடுகின்றன.

*

இவ்வளவும் சொன்னால் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும்.

ரமேஷ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, அவருக்குத் தெரிந்த ஆட்டம் உலகத்தில் முக்கால்வாசி செத்துப்போயிருந்தது. அவர் ஆட வந்த நாளில் மட்டை மரம். 80-களின் நடுவுக்குள் கிராஃபைட் வந்துவிட்டது. மட்டைத் தலை பெரிசானது, வேகம் கூடியது, சர்வீஸ் பீரங்கி ஆனது. தொட்டுத் தடவி வைக்கிற ஆட்டக்காரன் மட்டையைத் திருப்புவதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போனது.

இந்தக் கதை எங்கள் வயலுக்கும் தெரியும். 60-களின் நடுவில், கிருஷ்ணன் கல்கத்தாவில் ஆடிய அதே சமயத்தில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடீ 27 வந்தது. குறுகிய வயசு, யூரியா போட்டால் தாங்கும். அதுவரை ஆள் உயரத்துக்கு வளர்ந்த பழைய சம்பா ரகங்களுக்கு அந்த உரத்தைப் போட்டால் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். பழைய ரகம் கெட்ட ரகம் இல்லை. வெள்ளத்தில் நின்றது, வைக்கோல் கொடுத்தது, சோறு மணத்தது. ஆனால் புது ஆட்டத்தின் விதிக்குள் அது நிற்காது. ஒரு தலைமுறைக்குள் பெயர் மட்டும் மிஞ்சியது. காட்டுயானம், தூயமல்லி, கருடன் சம்பா என்று என் அப்பா பாட்டுப்போலச் சொல்வார். அந்த நெல்லை நான் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேடு அவர் ஊர். இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வாரோடு நடந்தவர். 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டார். வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்துவார். போகிறவர்களுக்கு ரெண்டு கிலோ விதைநெல் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். ஒரே நிபந்தனை, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்தோ ஜாமீனோ கிடையாது. அந்த நாலு கிலோ இன்னும் ரெண்டு பேருக்குப் போகும்.

நானும் 2018-இல் ரெண்டு கிலோ தூயமல்லி வாங்கி வந்தேன். நாற்றுவிட்டு, நட்டு, பால் பிடிக்கிற சமயத்தில் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். மிஞ்சியதைப் பொறுக்கித் தூற்றியதில் தேறியது மூணே கால் கிலோ. வாங்கின கடனுக்கே போதாது. டிசம்பர் 6-ஆம் தேதி ஜெயராமன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கடன் கொடுத்தவர் இல்லை, கணக்கு கேட்கவும் ஆள் இல்லை. பொங்கிச் சாப்பிட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிதான், “விதை நெல்லுல ஒலை வைக்காதீங்க” என்று ஒரு பித்தளைக் குடத்தில் கொட்டி வேப்பிலை போட்டு மூடிவைத்தாள். அடுத்த சம்பாவில் விதைத்து, நாலு கிலோவை எடுத்துக்கொண்டு போய் அங்கே வேலையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் கொடுத்தேன். நோட்டில் என் பெயரைத் தேடிப் பிடித்து ஒரு கோடு போட்டார்கள். அவ்வளவுதான். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

*

“தோத்துட்டாரா?” என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன்.

ஆமாம், தோற்றவர்தான். டென்னிஸில் ஒரு போட்டிக்கு 128 பேர் போனால் 127 பேர் தோற்றுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். துலான் பத்தாம் இடத்தில் நின்றார். ரமேஷ் 23-இல் நின்றார். கிருஷ்ணன் அரையிறுதியில் ரெண்டு தடவை நின்றார். எங்கள் மார்க்கர் எந்த டோர்னமெண்டிலும் நிற்கவே இல்லை. ஆனால் நாலு பேரும் யாரிடமோ ரெண்டு கிலோ வாங்கியவர்கள். டி.கே. ராமநாதன் தன் விளைச்சலைச் சாப்பிடாமல் மகனிடம் கொடுத்தார். அது ரெண்டு தலைமுறை ஓடியது. ரமேஷின் ஆட்டத்தை அப்படியே ஆட இன்றைக்கு ஆள் கிடையாது. அது அவர் சொல்லிக்கொடுத்ததில் குறை என்று நான் நினைக்கவில்லை. நெல்லில் வாங்கிய ரகத்தையே திருப்பித் தர வேண்டும், கலப்பு இருந்தால் வாங்க மாட்டார்கள். ஆட்டத்தில் அப்படி முடியாது. ரகம் மாறிக்கொண்டேதான் இருக்கும். அளவு குறையாமல் இருந்தால் சரி.

இதையெல்லாம் எட்டு வயசுப் பையனிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு நான் சொல்லவில்லை. வேறொன்று செய்தேன்.

அவன் பையில் நாலு சிவப்புப் பந்து கொண்டுவந்திருந்தான். சாதாரண டென்னிஸ் பந்தைவிடப் பெரிசு, மெத்தென்று இருந்தது, கால்வாசி வேகம்தான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கோர்ட்டும் முழு வேகமும் கூடாது என்று உலக சம்மேளனமே இப்போது விதி வைத்திருக்கிறது. 2012-இலிருந்து பத்து வயசுக்கு உட்பட்ட போட்டிகளில் மெதுவான பந்துதான். சிவப்புப் பந்துக்குக் கோர்ட் நீளம் 36 அடி இருந்தால் போதும்.

எங்கள் களம் நாற்பது அடி.

அறுவடை மெஷின் வந்ததிலிருந்து அந்தக் களத்துக்கு வேலை இல்லை. நெல் வயலிலேயே உதிர்ந்து, டிராக்டரில் ஏறி, நேராக அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. களத்தில் கருவேலஞ்செடி முளைத்துக் கிடந்தது. பையனும் நானும் தெருப் பிள்ளைகள் நாலு பேருமாகச் செடியைப் பிடுங்கினோம். மார்கழி மாசம், வாசலுக்குச் சாணி தெளிக்கிற வீடுகளில் கேட்டு ரெண்டு அன்னக்கூடை சாணி சேர்த்தோம். மெழுகிக்கொடுத்த அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நானே இழுத்தேன். கோடு கோடாக, திட்டுத் திட்டாகத்தான் வந்தது. நெட்டுக்கு நாகப்பட்டினத்திலிருந்து பழைய மீன்வலை ஒன்று. கோட்டுக்குச் சுண்ணாம்பு, அது தீர்ந்ததும் வீட்டில் கோலமாவை எடுத்துக்கொண்டோம், திட்டும் வாங்கினோம்.

பையன் முதல் பந்தை ஓங்கி அடித்தான். சாணித் தரையில் அது அடங்கி, யோசித்து, பக்கத்து வீட்டுப் பெண்குழந்தையின் காலடியில் போய் நின்றது. அவள் கையில் பூரிப் பலகை. மட்டையே பிடித்திராத பிள்ளை, மெதுவாகத் தள்ளிவிட்டாள். பந்து வலையைத் தாண்டி, அவன் இல்லாத மூலையில் விழுந்தது.

“எப்படி தாத்தா அது?” என்று என்னைப் பார்த்தான்.

வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை.

“அடிக்காதடா, அனுப்பு.”

அவன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது ரெண்டு பந்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். தெருப் பிள்ளைகள் தினம் சாயந்திரம் வருகிறார்கள், இப்போது ஏழு பேர். அடுத்த டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வந்து கேட்டால் நாலு பந்தாகக் கொடுக்க வேண்டும்.